வரைபடத்தில் இல்லாத நாட்டின் நடிகை

1877 ஆகஸ்ட் 20 இரவு, சான் பிரான்சிஸ்கோ நகரின் கலிஃபோர்னியா தியேட்டரில் திரை உயர்ந்தபோது, மேடைக்கு வரவிருந்த நடிகையை அங்கு அமர்ந்திருந்தோரில் மிகச் சிலரே அறிந்திருந்தனர். அவருக்கு வயது 36. ஆங்கிலம் கற்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்றைய நாடகம் பிரெஞ்சிலிருந்து வந்தது; அவர் ஏற்ற வேடம் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நடிகை அட்ரியன் லெகூவ்ரர். நடித்தவரோ போலந்துப் பெண். அந்தப் போலந்து என்னும் நாடு அன்றைய உலக வரைபடத்தில் எங்கும் இல்லை. நாடகம் முடிந்தபோது அரங்கம் அவர் வசமாகியிருந்தது. ஹெலெனா மொட்ஜெஸ்காவின் அமெரிக்க வாழ்க்கை அந்த இரவில் தொடங்கியது.

அவரை நான் முதலில் அறிந்தது மகன் வழியாக. பாலங்களின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தபோது ரால்ஃப் மொட்ஜெஸ்கி என்ற பொறியாளரின் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஃபிலடெல்ஃபியாவில் டெலவேர் ஆற்றின் மீது 1926-இல் திறக்கப்பட்டு, அன்று உலகின் மிக நீண்ட தொங்குபாலமாக விளங்கிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் அவர். அவரைப் பற்றிய குறிப்புகளில் எல்லாம் தாயாரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பின்தொடர்ந்து போனதில் பாலங்கள் பின்னுக்குப் போய்விட்டன. அயலார் முன் மேடையேறும் ஒரு கலைஞர் எவற்றையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்ற கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையை வாசித்து முடித்தேன்.

அவர் பிறந்தது 1840 அக்டோபர் 12 அன்று, கிராக்கோவ் நகரில். இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் போலந்தைப் பங்கிட்டுத் தீர்த்து அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. கிராக்கோவ் மட்டும் பெயரளவில் சுதந்திர நகரமாக நீடித்தது. 1846-இல் அதையும் ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது. 1848-இல் ஆஸ்திரியப் பீரங்கிகள் நகரின் மீது குண்டு பொழிந்ததையும், 1850-இல் பெருந்தீ நகரத்தை விழுங்கியதையும் சிறுமியாக இருந்து கண்டவர் அவர். தாயார் வணிகர் ஒருவரின் கைம்பெண். தந்தை யார் என்பது பற்றிய வதந்திகள், ஓர் இளவரசரின் பெயர் உட்பட, அவர் புகழடைந்த பின்னும் ஓயவில்லை. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் அவற்றுக்குப் பல பக்கங்களைச் செலவிடுகின்றனர். எனக்கு அதில் ஆர்வமில்லை.

குடும்பத்துக்கு அறிமுகமாகிக் காப்பாளர் நிலைக்கு உயர்ந்த குஸ்தாவ் ஜிமாயெர் என்பவரோடு இளம் வயதிலேயே அவர் வாழத் தொடங்கினார். 1861-இல் மகன் ருடால்ஃப் பிறந்தான். பின்னாளில் ரால்ஃப் ஆனவன் அவனே. அதே ஆண்டில் பொஹ்னியா என்னும் சிற்றூரில், உப்புச் சுரங்க விபத்தில் மாண்ட தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்ட நடந்த நாடகத்தில் முதன்முதலாக மேடையேறினார். பிறகு ஊர் ஊராகச் சென்று நடிக்கும் குழு, வறுமை, பிறந்து சில ஆண்டுகளுக்குள் மறைந்த ஒரு மகள். ஜிமாயெருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்பது தெரிந்தபின், 1865-இல் அவரை விட்டுக் கிராக்கோவுக்குத் திரும்பினார். ஜிமாயெர் மேடைக்காகச் சூட்டிக்கொண்டிருந்த பெயர் மொட்ஜெயெவ்ஸ்கி. அதன் பெண்பால் வடிவமான மொட்ஜெயெவ்ஸ்கா மட்டும் ஹெலெனாவோடு தங்கிவிட்டது. இன்று போலந்து பெருமையுடன் உச்சரிக்கும் அந்தப் பெயர் இப்படி வந்த ஓர் இரவல் பெயர்தான்.

1868-இல் கரோல் ஹ்வாபோவ்ஸ்கியை மணந்தார். நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்து, 1863 எழுச்சியோடு தொடர்புகொண்டதற்காகப் பிரஷ்யச் சிறையில் இருந்தவர், பின்பு பத்திரிகையாளரானவர். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் வார்சாவில் அட்ரியன் வேடமேற்று அந்நகரைத் தன்பால் ஈர்த்தார். வார்சாவின் அரங்குகள் இரஷ்ய அரசின் உடைமை. எழுச்சி அடக்கப்பட்ட பின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இரஷ்ய மொழி திணிக்கப்பட்டுவந்த காலம் அது. போலந்து மொழியைப் பலர் கூடியிருந்து உரக்கக் கேட்கக்கூடிய பொது இடங்களில் எஞ்சியிருந்தவை கோயிலும் நாடக அரங்குமே. அங்கே ஒரு நடிகை தன் மொழியைத் திருத்தமாக உச்சரிப்பதே ஓர் அரசியல் செயலாக அமைந்துவிட்டது. ஹேம்லெட் நாடகத்தை அரங்கேற்ற முயன்றபோது தணிக்கை அதிகாரி தயங்கினார். மேடையில் ஓர் அரசன் கொல்லப்படுவதைப் பேரரசின் குடிகள் பார்க்கலாமா என்பது அவர் கவலை. அது அரசியலில்லை, அரண்மனைக் குடும்பத்துக்குள் நடந்த தனிப்பட்ட தகராறு என்று வாதாடி அனுமதி பெற்றதாகத் தம் நினைவுக் குறிப்பில் ஹெலெனா பதிவுசெய்திருக்கிறார்.

சிரிப்பு வரும் செய்திதான். அடுத்தது அப்படிப்பட்டதில்லை. பள்ளி மாணவர்கள் சிலர் அவருக்குப் பூங்கொத்து ஒன்றை அளித்தனர். அதைக் கட்டியிருந்த நாடாக்கள் வெள்ளையும் சிவப்பும், போலந்தின் தேசிய வண்ணங்கள். அதற்காக அம்மாணவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். வேறெந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளக் கூடாதென்றும் ஆணை பிறந்தது. அவர்களுள் ஒருவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தான். ஹெலெனா அவனுடைய இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டார். ஒரு நடிகைக்கு நீட்டப்படும் பூங்கொத்தின் விலை ஓர் உயிராக இருக்கக்கூடிய ஊரில்தான் அவர் எட்டாண்டுக் காலம் முதன்மை நடிகையாக விளங்கினார். அவர் அமெரிக்கா சென்றதைப் புகழாசை என்று எழுதுவோர் இந்த நிகழ்ச்சியை ஏனோ தாண்டிப் போய்விடுகின்றனர்.

1876 ஜூலையில் கணவர், மகன், நண்பர்கள் சிலருடன் கப்பலேறினார். கலிஃபோர்னியாவின் ஆனஹைம் ஊரில், ஜெர்மானியத் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு அருகே நிலம் வாங்கி, உழுது பயிரிட்டுப் பொதுவில் உண்டு வாழ்வதென்பது திட்டம். இடம் பார்த்துவரச் சில மாதங்களுக்கு முன்பே சென்றவர்களுள் இளம் எழுத்தாளர் ஹென்ரிக் சென்கியேவிச்சும் ஒருவர். 1905-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே சென்கியேவிச். அக்குழுவில் ஒருவருக்கும் வேளாண்மை தெரியாது. பசுக்கள் இருந்தன, கறக்க ஆளில்லை. பாலும் வெண்ணெயும் அக்கம்பக்கத்தில் விலைக்கு வாங்கினார்கள். ஓராண்டுக்குள் பணம் கரைந்தது. குடும்பத்தில் சம்பாதிக்கத் தெரிந்தவர் ஒருவரே. அவருக்குத் தெரிந்த தொழிலும் ஒன்றே. ஆனால் அதைச் செய்ய வேண்டிய மொழி அவருக்குத் தெரியாது.

சான் பிரான்சிஸ்கோவில் தங்கி, போலந்திலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண்ணின் உதவியோடு அவர் ஆங்கிலம் பயின்றார். அரங்க நிர்வாகி பலமுறை தட்டிக்கழித்தார். ஒருவழியாக ஒத்திகையில் நடித்துக்காட்டும் வாய்ப்புக் கிடைத்தபின் கதவு திறந்தது. அப்போது எழுந்தது பெயர்ச் சிக்கல். மொட்ஜெயெவ்ஸ்கா என்பதை அமெரிக்கர் எவராலும் உச்சரிக்கவோ சுவரொட்டியில் படிக்கவோ இயலாது என்று அரங்கின் தலைவரும் நடிகருமான ஜான் மக்கலோ கருதினார். நடுவில் சில எழுத்துகள் உதிர்ந்து மொட்ஜெஸ்கா ஆயிற்று. பிறகு விளம்பரக்காரர்கள் கணவரின் குடும்பப் பெயர்களுள் ஒன்றை எடுத்து அவரைக் கவுண்டஸ் போஜெந்தா ஆக்கினர். அமெரிக்கருக்கு மன்னராட்சி வேண்டாம். ஆனால் மேடையில் ஒரு சீமாட்டியைக் காணும் ஆவல் மட்டும் அவர்களைவிட்டு நீங்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரின் ஃபிஃப்த் அவென்யூ தியேட்டர். அதைத் தொடர்ந்து, இடையிடையே லண்டனும் போலந்தும் நீங்கலாக, ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் அமெரிக்கச் சுற்றுப்பயணங்கள். ரோசலிண்ட், வயோலா, போர்ஷியா, இசபெல்லா, லேடி மாக்பெத் என்று ஷேக்ஸ்பியரின் பெண்களை அந்நாட்டின் சிறுநகரங்கள் வரை கொண்டுசென்றார். 1889-90 பருவத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த நடிகர் எட்வின் பூத்துடன் இணைந்து நடித்தார். அயல் உச்சரிப்பு கடைசிவரை அவரைவிட்டு நீங்கவில்லை; விமர்சகர்கள் குறைசொல்லிக்கொண்டே இருந்தனர், மக்கள் வந்துகொண்டே இருந்தனர். விருந்தொன்றில் போலந்து மொழியில் எதையோ உருக்கமாக ஓதிக் கேட்டோரை அழவைத்துவிட்டு, ஓதியது அரிச்சுவடிதான் என்று பின்னர் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. இதே கதை வேறு நடிகர்கள் மீதும் ஏற்றிச் சொல்லப்படுவதால் நான் அதை நம்பவில்லை. எனினும் அக்கதை ஏன் அவரைத் தேடி ஒட்டிக்கொண்டது என்பது விளங்குகிறது. அமெரிக்கர் அவர் குரலை விரும்பினர். அந்தக் குரலுக்குரிய மொழியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

இதுவே நான் சொல்ல வந்த இடம். மிட்ஸ்கியேவிச், ஸ்வோவாட்ஸ்கி போன்றோர் எழுதிய போலந்தின் பெருநாடகங்கள் எவையும் அவருடைய அமெரிக்கப் பட்டியலில் நிலைபெறவில்லை. புதியதொன்றைக் கொண்டுவந்தாலும் அது அங்குள்ள சுவைக்கேற்ப வளைய வேண்டியிருந்தது. இப்செனின் பொம்மை வீடு நாடகத்தை 1883 டிசம்பரில் கென்டகி மாநிலத்தின் லூயிவில் நகரில் அவர் அரங்கேற்றினார். அமெரிக்காவில் தொழில்முறை நடிகர்கள் அந்நாடகத்தை நடித்தது அதுவே முதன்முறை என்பர். தலைப்பு தோரா என்று மாறியது. கணவனையும் குழந்தைகளையும் விட்டுக் கதவை அறைந்து வெளியேறும் நாயகி, அங்கே சமாதானமாகி வீட்டிலேயே தங்கிவிட்டாள். அப்படி இனிப்பூட்டியும் ஒரே இரவோடு அது நின்றது. அந்நகரத்து மிட்டாய்க்காரர் ஒருவர் தாம் செய்த புதிய தின்பண்டத்துக்கு மொட்ஜெஸ்கா என்று பெயரிட்டார். நாடகத்தை அந்நகரம் மறந்து நெடுங்காலமாகிறது. மிட்டாய் இன்றும் விற்பனையாகிறது.

போலந்தைப் பற்றிய நாடகமே அவர் நடிக்கவில்லையா என்றால், ஒன்று உண்டு. நாதியெஷ்தா என்ற அந்நாடகம் 1884-இல் அரங்கேறியது. அதை எழுதியவர் மாரிஸ் பாரிமோர்; இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயர், லூயிவில் நாடகத்தில் உடன் நடித்தவர், பின்னாளில் ஹாலிவுட்டை ஆண்ட பாரிமோர் குடும்பத்தின் தலைவர். கதை 1863 எழுச்சிக் காலத்தது. தண்டனை விதிக்கப்பட்ட கணவனைக் காப்பாற்றத் தன்னையே இரஷ்ய அதிகாரியிடம் ஒப்படைக்கும் மனைவிக்கு, இறுதியில் கணவனின் பிணம் மட்டுமே கிடைக்கிறது; ஆண்டுகள் கழித்து மகள் பழிதீர்க்கிறாள். தாய், மகள் இருவரையும் ஹெலெனாவே ஏற்று நடித்தார். அந்த எழுச்சியில் சிறைசென்றவர் தம் கணவர் என்பதையும், அந்தப் பூங்கொத்தையும் நினைவில் வைத்திருந்த ஒருவர் அப்பாத்திரத்தை எப்படி நடித்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் நாடகம் வெகுநாள் ஓடவில்லை. அவர் அதைக் கைவிட்டார், பாரிமோருக்கு மனக்கசப்பு. அமெரிக்கப் பார்வையாளர் அதில் மர்மக் கதையின் விறுவிறுப்பைக் கண்டனர். அதற்கு அடியில் கிடந்த நாட்டை அவர்களுக்குக் காட்ட ஓர் ஆங்கிலேயரின் எழுத்து போதுமானதாக இல்லை என்பது என் கருத்து.

பின்னாளில் அவரே பாத்திரமானார். சூசன் சொன்டாக் அவர் வாழ்க்கையைத் தழுவி எழுதிய நாவல் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. அமெரிக்காவில் குடியேறிய போலந்து இயக்குநர் காஸிமியேஷ் பிரௌன் அவரைப் பற்றி நாடகம் எழுதி, ஆங்கிலத்திலும் மேடையேறச் செய்தார். இத்தகைய படைப்புகளுக்கு ஆனஹைம் தோட்டமும் சான் பிரான்சிஸ்கோ இரவும் தீராத விருந்து; பசு, மொழி, திரை, கைதட்டல் என எல்லாம் அமைந்த அமெரிக்கக் கதை அது. நான் நாடகம் எழுதுபவனாக இருந்தால் சிகாகோவில் தொடங்குவேன்.

1893 மே மாதம், கொலம்பஸ் நினைவாக நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டிச் சிகாகோவில் மகளிர் பேரவை கூடியது. பல நாட்டுப் பெண்களும் தத்தம் நாட்டுப் பெண்களின் நிலையை எடுத்துரைக்க அழைக்கப்பட்டிருந்தனர். இரஷ்யாவின் கீழிருந்த போலந்திலிருந்து வரவேண்டியவர்கள் வரவில்லை. பேசிவிட்டு வீடு திரும்பினால் என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். நாடகக்கலை பற்றிப் பேச வந்திருந்த ஹெலெனாவிடம், போலந்தின் சார்பிலும் பேச இயலுமா என்று அமைப்பாளர்கள் கேட்டனர். அவர் இசைந்தார். ஒப்பனை இல்லை, பாத்திரம் இல்லை, வேறொருவர் எழுதித்தந்த வசனமும் இல்லை. தம் நாட்டைப் பங்கிட்டவர்கள் அந்நாட்டுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவர்களுடைய மொழிக்கும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பேரவையின் முன் வெளிப்படையாகக் கூறினார். அமெரிக்கச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. சார் அரசின் அலுவலகங்களும் படித்தன.

விளைவு இரண்டாண்டுகளில் தெரிந்தது. 1895-இல் தாயகம் சென்றவர் கிராக்கோவிலும் லுவூவ் நகரிலும் நடித்தார். அவை ஆஸ்திரியாவின் பகுதிகள். வார்சாவில் நடிக்க முயன்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. இரஷ்யப் பேரரசின் எல்லைக்குள் நுழையவே தடை விதிக்கப்பட்டது. அவரை உருவாக்கிய மேடை, எட்டாண்டுக் காலம் அவரைத் தலைமேல் வைத்திருந்த மேடை, அத்தோடு மூடிக்கொண்டது. வார்சாவில் அவர் மீண்டும் நடிக்கவே இல்லை. பெயரைச் சுருக்க இசைந்தவர். கவுண்டஸ் பட்டத்தைப் பொறுத்துக்கொண்டவர். இப்செனின் முடிவை மாற்றியும் நடித்தவர். இந்த உரையை மென்மையாக்கி, கலையும் பெண்மையும் என்று பொதுவாக ஏதோ பேசிவிட்டு இறங்கியிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் சாந்தியாகோ பள்ளத்தாக்கில் 1888-இல் நிலம் வாங்கி, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட்டின் வடிவமைப்பில் வீடு கட்டி, ஷேக்ஸ்பியரின் காட்டை நினைந்து ஆர்டன் என்று பெயரிட்டிருந்தார். பயணங்களுக்கிடையில் ஓய்வு அங்கேதான். 1897-இல் பக்கவாதம் தாக்கியது. தேறி மீண்டும் நடித்தார். 1903-இல் கிராக்கோவில், தம்மைவிட ஒரு தலைமுறை இளையவரான விஸ்பியான்ஸ்கியின் புதிய நாடகத்தில் லாவோதாமியாவாகத் தோன்றினார். அறுபது வயதைக் கடந்த நடிகை தம் பழைய வெற்றிகளையே திரும்ப நடித்துக் காலம் கழித்திருக்கலாம். அவர் செய்யவில்லை.

1905 மே 2 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கில் அவருக்கு நிதி திரட்டும் பாராட்டு விழா நடந்தது. அதற்கு ஏற்பாடு செய்தவர் பியானோ மேதை இக்னாசி பாதெரெவ்ஸ்கி. இருபதாண்டுகளுக்கு முன், வியன்னா சென்று பயிலப் பணமின்றி நின்ற அந்த இளைஞருக்காகக் கிராக்கோவில் நடந்த இசை நிகழ்ச்சியில் தாமும் கவிதை படித்துக் கூட்டம் சேர்த்துத் தந்தவர் ஹெலெனா. உடல்நலக் குறைவால் பாதெரெவ்ஸ்கியால் அவ்விழாவுக்கு வர இயலாமற் போயிற்று. மறு ஆண்டு ஆர்டன் விற்கப்பட்டது.

1909 ஏப்ரல் 8 அன்று, கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் கடற்கரையை ஒட்டிய பே ஐலண்டில் சிறுநீரக நோயால் காலமானார். வயது 68. அவருடைய நினைவுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் அடுத்த ஆண்டு நூலாயின. உடல் அட்லாண்டிக்கைக் கடந்து கிராக்கோவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜூலை மாதத்தில் ரகோவிட்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வார்சா அப்போதும் சார் அரசின் கையில்தான் இருந்தது. போலந்து வரைபடத்துக்குத் திரும்ப இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அதன்பின் 1919-இல் அந்நாட்டின் பிரதமராக வெர்சாய் உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர் பாதெரெவ்ஸ்கி.